ஊசிப்பையோடு செட்டிநாடு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குயில்ட் என்கிற ஒட்டுத்துணிப் போர்வை தைப்பவர்கள் காரைக்குடிப் பக்கம் வரும்போது கேட்பவற்றை இங்கே சேர்த்திருக்கிறோம். மேல்துணி, நடுவில் பஞ்சு, அடித்துணி ஆகிய மூன்றையும் ஓட்டுத்தையலால் பிணைப்பதைத்தான் குயில்ட் என்கிறோம். மெஷின் பிடிக்கத் தெரியும், ஆனால் துண்டு சேர்த்துத் தைத்ததில்லை என்பவர்களையும் மனதில் வைத்தே எழுதியிருக்கிறோம்.

ஒட்டுத்துணி வேலை நமக்குப் புதிதா?

இல்லை. தேருக்குக் கட்டும் தொம்பைகளையும் (உருளையாகத் தொங்கும் துணிகள்) சீலைகளையும் பாருங்கள். தஞ்சாவூர்ப் பக்கத்துக் கைவினைஞர்கள் துணியை வெட்டி இன்னொரு துணிமேல் வைத்துத் தைத்த யாளியும் மயிலும் அவற்றில் தொங்கும். பழைய சேலையை நாலாக மடித்து ஓட்டுத்தையல் போட்டுக் குழந்தைக்கு விரிக்காத வீடும் குறைவு. அளந்து வெட்டுவதும், ஓரத்தில் கால் இஞ்ச் பிடித்துத் தைப்பதும், கட்டம் கட்டமாக வடிவம் சேர்ப்பதும்தான் பிறகு வந்த முறை.

எந்த மாதம் வரலாம்?

டிசம்பர் நடுவிலிருந்து பிப்ரவரி முடிய. வெயில் தாங்கும், கண்மாயில் தண்ணீர் நிற்கும், பறவையும் இருக்கும். அக்டோபர், நவம்பரில் மழை பெய்யும். தைத்த துணி இரண்டு நாள் ஆனாலும் ஈரம் போகாது. ஏப்ரல், மே மாதங்களில் மதியம் கைவியர்வையில் ஊசி வழுக்கும், துருவும் ஏறும்.

எப்படி வருவது, எங்கே தங்குவது?

சென்னை எழும்பூரிலிருந்து பிற்பகலில் கிளம்பும் பல்லவன் எக்ஸ்பிரஸ் இரவில் காரைக்குடி வந்து சேரும். திருச்சி, மதுரை இரண்டு விமான நிலையங்களும் சாலை வழியாக ஏறக்குறைய இரண்டு மணி நேரம். கானாடுகாத்தானுக்குப் பக்கத்தில் செட்டிநாடு என்ற பெயரிலேயே ஒரு ரயில் நிலையம் இருக்கிறது. தைக்க வருகிறவர்கள் காரைக்குடியில் தங்குவது நல்லது. நூல், ஊசி, லைனிங் துணி, மெஷின் ரிப்பேர் எல்லாம் அங்கேதான். ஊர் ஊராகப் போக ஒரு நாள் வாடகைக்கு ஆட்டோவோ காரோ பேசிக்கொள்ளுங்கள். டவுன் பஸ் உண்டு, ஆனால் தரைக்கல் செய்யும் ஆத்தங்குடியில் ஒன்றைத் தவறவிட்டால் அடுத்ததற்காகக் காத்திருப்பதிலேயே காலை வெளிச்சம் போய்விடும்.

பயணத்தில் கையோடு என்ன எடுத்துப் போவது?

குறைவாக. 9 அல்லது 10 நம்பர் குட்டை ஊசி நாலு, 40 நம்பர் காட்டன் நூல் வெள்ளையிலும் சாம்பலிலும் ஒவ்வொன்று, விரல்கூடு, நுனி மழுங்கிய சின்னக் கத்தரி, 6 இஞ்ச் அளவுகோல், ஏற்கெனவே வெட்டி எண்ணிட்ட துண்டுகள். சாம்பல் நூல் எதற்கு என்று பலர் கேட்பார்கள். இந்த ஊர்க் கட்டம் போட்ட கண்டாங்கிச் சேலையின் அரக்கு, கறுப்பு, கடுகு மஞ்சள் மூன்றிலும் உறுத்தாமல் மறைவது சாம்பல்தான். நிறத்துக்கு ஒரு நூல்கண்டு சுமக்க வேண்டியதில்லை.

உருளைக் கத்தியையும் (சக்கரம்போல் உருட்டித் துணி வெட்டுவது) பெரிய கத்தரியையும் விமானத்தில் கைப்பையில் வைக்காதீர்கள். பெட்டியில் போட்டு அனுப்புங்கள். ரயிலில் வெட்டும் வேலையே வேண்டாம், ஆட்டத்தில் கோடு ஓடிவிடும். வெட்டியதைச் சேர்த்துத் தைப்பது மட்டும் ரயிலுக்கு ஒத்துவரும்.

ஊசிப்பெட்டியாக ஓலைக்கொட்டான், அதாவது பனையோலையில் பின்னிய கூடை, வாங்கலாம். பார்க்க அழகு, காற்றோட்டமும் இருக்கும். ஒரே தொந்தரவு, பின்னலில் நீட்டிக்கொண்டிருக்கும் ஓலைநுனியில் நூல் மாட்டிப் பிசிறும். உள்ளே ஒரு மெல்லிய துணி உறை தைத்துப் போட்டுவிட்டால் தீர்ந்தது.

பழைய கண்டாங்கிச் சேலையை வெட்டிப் பயன்படுத்தலாமா?

தாராளமாக. ஆனால் எந்தப் பகுதியை வெட்டுகிறீர்கள் என்பதைப் பாருங்கள். கொசுவம் மடிந்த இடமும் தரையில் உரசிய கீழ்விளிம்பும் முதலில் நைந்திருக்கும். இடுப்பில் செருகும் உள்முனை ஒரு மீட்டர் அளவுக்கு நிறம் மங்காமலும் உறுதியாகவும் இருக்கும். முந்தானையும் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். துணியை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். ஊசிமுனை அளவு ஓட்டைகள் கூட்டமாகத் தெரிந்தால் அந்த இடத்தை விட்டுவிடுங்கள். பிறகு இரண்டு கட்டைவிரலுக்கும் நடுவே பிடித்து இழுங்கள். சரசரவென்று சத்தம் கேட்டால் இழை செத்துவிட்டது.

பழைய துணியையும் புதுத்துணியையும் நேரடியாகச் சேர்த்தால், முதல் சலவையிலேயே தையலை ஒட்டிப் பழையது கிழியும். புதுத்துணி இழுக்கும், பழையதால் தாங்க முடியாது. பழைய துண்டின் பின்னால் மல் துணி ஒரு மடிப்பு வைத்து ஓரத்தில் நூலோட்டம் போட்டுவிட்டு, இரண்டையும் ஒரே துணியாக எண்ணித் தையுங்கள்.

காரைக்குடி கண்டாங்கிக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதன்பின் அந்தப் பெயரில் விற்கும் விசைத்தறிச் சேலையும் கூடிவிட்டது. குயில்ட்டுக்கு விசைத்தறித் துணியும் ஆகும்; கைத்தறி விலை கொடுத்து அதை வாங்க வேண்டாம் என்பதுதான். கைத்தறியில் கட்டங்கள் மயிரிழை வேறுபடும். அளவுகோலை வைத்து வெட்டினால் கட்டக்கோடு துண்டின் ஓரத்தில் சாய்ந்து தெரியும். அதற்குக் கட்டக்கோட்டைப் பார்த்தே வெட்டிவிட்டு, அளவைத் தையலில் சரிக்கட்டுவது மேல். கண்ணுக்குக் கோடுதான் படும், அளவு படாது.

சாயம் ஓடுமா?

ஓடும் என்று வைத்துக்கொண்டே தொடங்குங்கள். அரக்கும் கறுப்பும்தான் அதிகம் ஓடும். சோதனை சுலபம்: துணியின் ஒரு மூலையை நனைத்து, வெள்ளை வேட்டித் துண்டின்மேல் வைத்து, சூடான இஸ்திரிப்பெட்டியால் பத்து விநாடி அழுத்துங்கள். வெள்ளையில் நிறம் ஏறினால் அந்தத் துணியைத் தனியாக ஊறவைத்து அலச வேண்டும். வெதுவெதுப்பான தண்ணீர், கொஞ்சம் சலவைத்தூள், தண்ணீர் தெளியும்வரை. நாலைந்து அலசல் ஆகலாம்.

உப்புத் தண்ணீரில் ஊறவைத்தால் சாயம் நிற்கும் என்று ஊரெல்லாம் சொல்வார்கள். சாயமிடும்போது நிறத்தை இழைக்குள் தள்ள உப்பு உதவுகிறது. ஏற்றி முடித்த பிறகு ஒட்டாமல் மிஞ்சிய சாயத்தை உப்பால் பிடித்துவைக்க முடியாது, கழுவித்தான் வெளியேற்ற வேண்டும். ஏழெட்டு அலசலுக்குப் பிறகும் ஓடுகிற துணியை வெள்ளைக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். பைக்கோ தலையணை உறைக்கோ தனியாக எடுத்து வையுங்கள்.

ஆத்தங்குடித் தரையின் வடிவத்தைக் குயில்ட்டில் எப்படிக் கொண்டுவருவது?

முதலில் தரைக்கல் செய்யும் பட்டறைக்குப் போய்ப் பாருங்கள். கண்ணாடித் தட்டின்மேல் சட்டம் வைத்து, அதற்குள் உலோக அச்சை இறக்கி, அச்சின் அறைகளில் நிறக்கலவையை ஊற்றுவார்கள். அச்சைத் தூக்கிவிட்டு, மேலே உலர்ந்த சிமெண்டும் மணலும் தூவி, அதன்மேல் ஈரக்கலவை பூசி மட்டம் செய்வார்கள். சூளை கிடையாது, காயவைத்துத் தண்ணீர்த் தொட்டியில் போட்டுப் பதப்படுத்துவதுதான். கல்லின் முகம் கண்ணாடியின் வழவழப்பை அப்படியே வாங்கிக்கொள்ளும்.

நமக்கு இதில் கவனிக்க வேண்டியது, கல்லை முகம் கவிழ்த்துச் செய்கிறார்கள் என்பது. அச்சில் வலப்பக்கம் இருக்கும் இதழ் தரையில் இடப்பக்கம் வரும். தாள்மேல் வைத்துத் துண்டு தைக்கும் முறையிலும் இதேதான் நடக்கும்: கோடு ஒரு பக்கம், துணி மறுபக்கம். தரையைப் படமெடுத்து அப்படியே தாளில் அச்சிட்டுத் தைத்தால் வடிவம் கண்ணாடியில் பார்த்ததுபோல் திரும்பிவிடும். அச்சிடும் முன் படத்தை இடவலமாகத் திருப்புங்கள். இருபக்கமும் ஒத்த பூவுக்கு இந்தக் கவலை இல்லை. சுழலும் இதழுக்குத்தான் இது கட்டாயம்.

படமெடுக்கும்போது கேமராவைத் தரைக்கு நேர்மேலே பிடியுங்கள். சாய்ந்தால் சதுரம் சரிவகம் ஆகிவிடும். படத்தில் அளவுகோலும் இருக்கட்டும். 8 இஞ்ச் கல்லும் உண்டு, 10 இஞ்ச் கல்லும் உண்டு. வீடுகளில் முகப்பு, வளவு (நடுமுற்றமும் அதைச் சுற்றிய தாழ்வாரமும்), இரண்டாங்கட்டு என்று ஒவ்வொரு இடத்துக்கும் வடிவம் மாறும். ஓரத்துப் பட்டிக்கல்லைப் பலர் எடுக்க மறந்துவிடுகிறார்கள். போர்வைக்கு ஓரம் கட்டும்போது அந்தப் படத்தைத்தான் தேடுவார்கள்.

முதல் வேலைக்கு எந்த அளவு, எவ்வளவு துணி?

ஆத்தங்குடி வடிவங்களில் பல, நாலு கல் சேர்ந்தால்தான் ஒரு பூ. அதனால் கட்ட எண்ணிக்கையை இரண்டு பக்கமும் இரட்டைப்படையில் வையுங்கள். மூன்றுக்கு மூன்று என்றால் பூ பாதியில் அறுபடும். நாலுக்கு நாலு, 16 கட்டம், ஒவ்வொன்றும் தைத்தபின் 8 இஞ்ச்: மொத்தம் 32 இஞ்ச் சதுரம். சுவரில் மாட்டலாம், ஊஞ்சல் பலகையில் விரிக்கலாம்.

ஒவ்வொரு கட்டத்திலும் 4 இஞ்ச் அளவில் நாலு இருநிறச் சதுரம் (இரண்டு நிற முக்கோணம் சேர்ந்தது), ஆக 64. அடர்நிறத்தில் 32, வெளிர்நிறத்தில் 32 என்று 5 இஞ்ச் சதுரங்கள் வெட்டுங்கள். அடர் ஒன்று, வெளிர் ஒன்று முகத்தோடு முகம் வைத்து, வெளிர்த்துணியின் பின்புறம் மூலைக்கு மூலை பென்சில் கோடு போட்டு, கோட்டின் இருபுறமும் கால் இஞ்ச் தள்ளித் தைத்துக் கோட்டிலேயே வெட்டுங்கள். ஒரு ஜோடியில் இரண்டு இருநிறச் சதுரம் கிடைக்கும். விரித்து இஸ்திரி போட்டு, தையல் மூலைக்கு மூலை ஓடும்படி அளவுகோலை வைத்து 4½ இஞ்சுக்குச் சீர்செய்யுங்கள். வீணாகும் ஓரத்தைப் பார்த்து வருந்த வேண்டாம், அந்த மிச்சம்தான் கோணலைத் திருத்துகிறது.

44 இஞ்ச் அகலத் துணியில் ஓரம் போக 42 கிடைக்கும். 5 இஞ்ச் பட்டி ஒன்றில் எட்டுச் சதுரம், நாலு பட்டி போதும், 20 இஞ்ச். ஒவ்வொரு நிறத்திலும் 60 செ.மீ. வாங்குங்கள். அடித்துணி 36 இஞ்ச் சதுரம் வேண்டும், 1 மீட்டர். ஓரப்பட்டிக்கு 2½ இஞ்ச் அகலத்தில் நாலு பட்டி, 30 செ.மீ.

அளந்துதான் வெட்டினேன், கடைசியில் 31 இஞ்ச்தான் வந்தது. ஏன்?

பெரும்பாலும் தையலில்தான் போயிருக்கும். கால் இஞ்சுக்கு மேல் 1/16 இஞ்ச் அதிகம் பிடித்தால் ஒரு தையலில் இரு பக்கமும் சேர்த்து 1/8 இஞ்ச் போகும். ஒரு வரிசையில் எட்டுச் சதுரம், ஏழு தையல்: 7/8 இஞ்ச் குறைவு. கணக்குச் சரியாக வருகிறதா?

உஷாவோ சிங்கரோ, மெஷினோடு வரும் பாதத்தின் ஓரம் ஊசியிலிருந்து சரியாகக் கால் இஞ்ச் என்று நம்பாதீர்கள். 1½ இஞ்ச் பட்டிகள் மூன்றை அடுத்தடுத்துத் தைத்து, இஸ்திரி போட்டு, நடுப்பட்டியை அளங்கள். மிகச் சரியாக 1 இஞ்ச் இருக்க வேண்டும். குறைந்தால் நீங்கள் அதிகம் பிடிக்கிறீர்கள். சரியான இடம் கிடைத்ததும் தட்டில் மாஸ்கிங் டேப் நாலைந்து மடிப்பு ஒட்டிச் சுவர்போல் ஆக்கிவிடுங்கள். தையல் நீளம் 2½ மி.மீ. போதும்.

இன்னொரு காரணம் இஸ்திரி. பெட்டியை இழுக்காதீர்கள், வைத்து எடுங்கள். மூலைக்கு மூலை வெட்டிய துணி இழுத்தால் நீளும். ஒருமுறை நீண்டது திரும்பாது.

நடுவில் என்ன பஞ்சு வைப்பது? இலவம் பஞ்சு ஆகுமா?

ஆகாது. இலவம் பஞ்சின் இழை வழவழப்பானது, ஒன்றோடொன்று பிடிக்காது. இரண்டு சலவையில் ஒரு மூலையில் போய்க் கட்டிக்கொள்ளும். தலையணை உறைக்குள் அதுதான் சுகம், தட்டையான போர்வைக்குள் இல்லை. மெத்தைக்காரர் வில்லடித்துத் தரும் பருத்திப்பஞ்சு ஆகும், ஆனால் 2 இஞ்சுக்கு ஒரு தையல் ஓட வேண்டும். கடையில் வாங்கும் அழுத்திய காட்டன் பஞ்சுவிரிப்பு என்றால் 3, 4 இஞ்ச் இடைவெளி தாங்கும். எவ்வளவு என்று உறையில் போட்டிருப்பார்கள்.

இந்த ஊர் வெயிலுக்கு எங்கள் கட்சி பஞ்சே வேண்டாம் என்பதுதான். பழைய வேட்டி இரண்டு மடிப்பு வைத்தால் எடை குறையும், காற்று போகும், கைத்தையலில் ஊசியும் வெண்ணெயில் இறங்குவதுபோல் இறங்கும். ஜரிகைக் கரையை மட்டும் வெட்டி எடுத்துவிடுங்கள், விறைப்பாக நிற்கும்.

வேட்டியையே அடித்துணியாகப் போடலாமா?

48-க்கு 64 இஞ்ச் போர்வை என்றால், சுற்றிலும் 4 இஞ்ச் விட்டு 56-க்கு 72 வேண்டும். நாலு முழ வேட்டியின் அகலம் 50 இஞ்ச்தான், 6 இஞ்ச் குறையும். மேல்துணியில் மிஞ்சியதை 7 இஞ்ச் பட்டியாகச் சேர்த்து ஒரு பக்கம் ஒட்டிவிடுங்கள். பார்ப்பவர்கள் வேண்டுமென்றே வைத்த அலங்காரம் என்று நினைப்பார்கள். கடைத்துணி வாங்கினால், 44 இஞ்ச் அகலத்தை நீளவாக்கில் இரண்டாகச் சேர்க்க 3 மீட்டர் 70 தேவைப்படும். குறுக்குவாக்கில் சேர்த்தால் 2 மீட்டர் 90 போதும்.

பறவை பார்க்க எங்கே போகலாம்? எதை வரையலாம்?

வேட்டங்குடி. காரைக்குடியிலிருந்து பிள்ளையார்பட்டி, திருப்பத்தூர் வழியாக மதுரைச் சாலையில் போக வேண்டும். 1977 முதல் சரணாலயம். வேட்டங்குடி, பெரிய கொள்ளுக்குடிப்பட்டி, சின்னக் கொள்ளுக்குடிப்பட்டி என மூன்று கண்மாய்கள், 38.4 ஹெக்டேர். பறவைக்காகச் சுற்றுப்பட்டு ஊர்க்காரர்கள் தீபாவளிக்கும் வெடி வெடிப்பதில்லை. அவர்களே அவ்வளவு பார்க்கும்போது நாம் காரில் பாட்டு வைத்துக்கொண்டு கரையேறுவது அழகில்லை.

காலை 6 முதல் 8 வரை, இல்லையென்றால் மாலை 4½-க்குப் பிறகு. மாலையே மேல், இரை தேடப் போனவை கூட்டம் கூட்டமாக இறங்கும், சிறகு விரிந்த நிலை பார்க்கக் கிடைக்கும். துணிக்கு ஏற்றது மஞ்சள் மூக்கு நாரை. உடல் வெள்ளை, மார்பில் கறுப்புப் பட்டை, வாலை ஒட்டி ரோஜா நிறம், நீண்ட மஞ்சள் அலகு. நாலு நிறத்தில் முடிந்துவிடும், தொலைவிலிருந்து பார்த்தாலும் இன்னதென்று தெரியும். நத்தை குத்தி நாரையின் அடையாளம் அலகின் நடுவே உள்ள இடைவெளி. குஞ்சுகளுக்கு அது இருக்காது, வளர்ந்ததைப் பார்த்து வரையுங்கள். சாம்பல் நாரையையும் பாம்புத்தாராவையும் கழுத்தின் வளைவுக்காக வரையலாம், ஆனால் வளைவு தைப்பது முதல் வேலைக்கு வேண்டாம்.

அந்த ஊர்களுக்கே போக முடியாவிட்டால் காரைக்குடியைச் சுற்றி எந்த ஊரணிக் கரையிலும் வெண்தொண்டை மீன்கொத்தி உட்கார்ந்திருக்கும். மின்கம்பியில் பனங்காடை. உட்கார்ந்திருக்கும்போது மங்கலாகத்தான் இருக்கும், பறந்தால்தான் நீலம் தெரியும்.

வரைந்ததைத் துணியாக்கும்போது பறவை உருளைக்கிழங்குபோல் ஆகிவிடுகிறதே?

துண்டுகள் அதிகம் என்று அர்த்தம். ஒரு பறவைக்கு ஐந்து, மிஞ்சினால் ஏழு துண்டு. அரை இஞ்சுக்குக் குறுகிய எதையும் துணியில் வெட்டாதீர்கள். ஓரம் மடிக்க இடமிருக்காது, பிதுங்கி உருண்டுவிடும். அலகு, கால், கண் மூன்றையும் இரண்டு இழை நூலில் காம்புத்தையலாகப் போடுங்கள்.

வடிவத்தைப் பட்டர் பேப்பரில் வெட்டி, துணியின் பின்புறம் வைத்து, சுற்றிலும் கால் இஞ்ச் விட்டு வெட்டுங்கள். ஓரத்தில் சோற்றுக்கஞ்சியை விரலால் தொட்டுத் தடவி, தாள்மேல் மடித்து இஸ்திரி. உள்வளைவில் மட்டும் மடிப்புக்கோட்டுக்கு ஒரு நூல் முன்னால்வரை சின்னச் சின்னதாக வெட்டு கொடுங்கள்; வெளிவளைவுக்கு வேண்டாம். காய்ந்ததும் தாளை உருவிவிட்டு மறைதையல். வேலை முடிந்ததும் கஞ்சி போகும்படி அலசிவிட வேண்டும். கஞ்சி இருக்கிற துணியை வெள்ளிப்பூச்சி விடாது.

கண்மாய்க் கரையில் உட்கார்ந்து தைக்கலாமா?

வரையுங்கள், தைக்காதீர்கள். வெட்டியெறிந்த நூல் பறவையின் காலில் சுற்றினால் இறுகும், கூடு கட்ட எடுத்துப் போனால் குஞ்சின் காலிலும் சுற்றும். பாலியஸ்டர் நூல் மக்குவதும் இல்லை.

சேர்ந்து தைக்கும் கூடுகைக்கு எத்தனை பேர், எப்படிப்பட்ட இடம்?

எட்டுப் பேர் கணக்கு. அதற்கு மேல் போனால் பாதிப் பேர் பேசிக்கொண்டிருப்பார்கள் (அதுவும் தேவைதான், ஆனால் வேலை நகராது). காலை 10 முதல் 1 வரை. பழைய வீட்டு வளவு கிடைத்தால் அதைவிட நல்ல இடம் இல்லை. மேலே திறந்திருப்பதால் வெளிச்சம் நிழல் விழாமல் இறங்கும். முற்றத்து வெயிலில் அல்ல, தூண்களுக்கு உட்பட்ட தாழ்வாரத்தில் உட்காருங்கள்.

மூன்று அடுக்கையும் விரித்து ஊக்கு குத்தத் தரை வேண்டும். ஆத்தங்குடித் தரை மட்டமாக இருக்கும், ஆனால் பளபளப்புக்காக எண்ணெய் தடவித் துடைக்கும் வீடுகள் உண்டு. அந்த எண்ணெய் அடித்துணியில் ஏறும். முதலில் பழைய பெட்ஷீட் விரியுங்கள். அதன்மேல் அடித்துணி முகம் கவிழ்த்து, நாலு ஓரமும் டேப்பால் இழுத்து ஒட்டி, பஞ்சு, மேல்துணி. நடுவிலிருந்து ஓரம் நோக்கி நாலு இஞ்சுக்கு ஒரு ஊக்கு, ஒரு கைமுட்டி இடைவெளி. 48-க்கு 64 என்றால் ஏறக்குறைய 200 ஊக்கு ஆகும். ஊக்கு குத்தும்போது கையால் தூக்கிக் குத்துங்கள், இல்லாவிட்டால் தரையில் கீறல் விழும். வீட்டுக்கார ஆச்சி அடுத்தமுறை கதவு திறக்க மாட்டார்.

ஆளுக்கொரு கட்டம் தைத்துச் சேர்த்தால் அளவு ஒத்துவருவதில்லையே?

வராது. எட்டுப் பேருக்கு எட்டுக் கால் இஞ்ச். 8½ என்று கேட்காமல் 9 இஞ்சுக்கு மேல் விளிம்பு விட்டுத் தைத்துத் தரச் சொல்லுங்கள். ஒருவரே உட்கார்ந்து, நடுப்புள்ளியை வைத்து எல்லாவற்றையும் 8½-க்கு வெட்டட்டும். ஆனால் மூலைவரை வடிவம் ஓடும் கட்டத்துக்கு இந்த வழி உதவாது, முனை அறுந்துபோகும். அப்படிப்பட்டதற்குச் சுற்றிலும் ஒன்றரை இஞ்ச் பட்டி வைத்துப் பெரிதாக்கிவிட்டு வெட்டுங்கள்.

சாப்பாட்டுக் கறை பட்டால்?

மஞ்சள்கறையில் சோப்பு பட்டால் சிவக்கும். பயப்பட வேண்டாம், நன்றாக அலசி, ஈரத்தோடு வெயிலில் போடுங்கள். மஞ்சள் வெயிலில் வெளுக்கும். இரண்டு மூன்று நாள் பிடிக்கலாம். ஊசி குத்தி ரத்தம் பட்டால் உடனே பச்சைத்தண்ணீர், சுடுதண்ணீர் கூடாது. குழம்பெண்ணெய் பட்டால் இஸ்திரி போடும் முன் கழுவுங்கள், சூடு பட்டால் இழையில் பதிந்துவிடும்.

முடித்த போர்வையை எப்படி வைப்பது?

சுருட்டி, பருத்தி உறையில். பிளாஸ்டிக் பையில் போட்டால் ஐப்பசி, கார்த்திகையில் பூசணம் பிடிக்கும். மடித்துத்தான் வைக்க வேண்டியிருந்தால், மூன்று மாதத்துக்கு ஒருமுறை பிரித்து, வேறு இடத்தில் மடியுங்கள். வேப்பிலை போடுவதானால் நன்றாகக் காய்ந்ததைத் துணிப்பையில் கட்டிப் போடுங்கள். பச்சையிலை துணியில் கறை விடும்.